பச்சை நாட்குறிப்பு

1965ஆம் ஆண்டு. ருமேனியாவில் கார்பாத்திய மலையடிவாரத்திலுள்ள புச்சோவாசா என்னும் சிற்றூருக்கு ஐம்பது வயது ஆங்கிலேயர் ஒருவர் இரவோடிரவாக மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். அயல்நாட்டாரை வீட்டில் தங்கவைப்பது அந்நாட்டுக் குடிமக்களுக்குப் பெருந்துன்பம் விளைவிக்கக்கூடிய காலம் அது. ஆகவே அந்த வருகை எவர் கண்ணிலும் படாமல் நிகழவேண்டியிருந்தது. வீட்டின் மேற்கூரையை ஒட்டிய சிறிய அறையில் தன் சகோதரியோடு வாழ்ந்துகொண்டிருந்த முதிய பெண்மணி ஒருவர் அவரை வரவேற்றார். இருவரும் கடைசியாகப் பார்த்துக்கொண்டது 26 ஆண்டுகளுக்கு முன்பு. அந்தச் சந்திப்பில் அப்பெண்மணி அவரிடம் ஒரு பழைய குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுத்தார். பச்சை அட்டையிட்ட அந்த நாட்குறிப்பு, அவர் பத்தொன்பது வயதில் ஐரோப்பாவைத் தனியே நடந்து கடந்தபோது எழுதியது.

அவர் பெயர் பேட்ரிக் லீ ஃபெர்மர். அப்பெண்மணி பலாஷா கந்தகூசேன். பயண இலக்கியம் பயில்வோர் முன்னவரை நன்கறிவர். பின்னவரின் பெயர் பெரும்பாலும் அடிக்குறிப்புகளில்தான் காணக்கிடைக்கும். தனியே முதுகுப்பையோடு புறப்படும் இளைஞருக்கு வழியில் எதிர்பாராமல் வாய்க்கும் நட்பையும் காதலையும் பற்றிப் பேசும்போது ஃபெர்மரின் நடைப்பயணம் இன்றும் முன்மாதிரியாகக் காட்டப்படுகிறது. அந்த முன்மாதிரியின் முழுக்கணக்கையும் பார்க்க வேண்டுமானால், நடந்து சென்றவரை மட்டுமன்றி, அவரை வழியனுப்பிவிட்டு அங்கேயே இருந்தவர்களையும் பார்க்க வேண்டும்.

ஃபெர்மரின் கதை ஒருவகையில் இந்தியாவிலேயே தொடங்குகிறது. அவருடைய தந்தை லூயிஸ் லீ ஃபெர்மர், கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய நிலவியல் ஆய்வகத்தின் அறிவியலாளர். இந்தியாவின் மாங்கனீசுப் படிவுகள் குறித்த அவரது பெருநூல் 1909இல் வெளிவந்தது. ஒரு கனிமம் அவர் பெயரால் ஃபெர்மரைட் என்று வழங்குகிறது. 1930 முதல் 1935 வரை அவர் அந்த ஆய்வகத்தின் இயக்குநர். இன்றைய இந்திய தேசிய அறிவியல் கழகத்தின் முன்வடிவமாக 1935இல் உருவான அமைப்புக்கு முதல் தலைவரும் அவரே. மகன் 1915 பிப்ரவரியில் லண்டனில் பிறந்தான். சிறிது காலத்திலேயே தாயும் தமக்கையும் இந்தியாவுக்குத் திரும்பினர். கைக்குழந்தையோ இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தின் பொறுப்பில் விடப்பட்டது. வாழ்வின் முதல் நான்காண்டுகளை அயலார் வீட்டில் அவர்கள் பிள்ளையாகவே கழித்த ஒருவர், பின்னாளில் எவர் வீட்டு வாசலிலும் தயக்கமின்றிக் கதவைத் தட்டக்கூடியவராக வளர்ந்தது தற்செயல் அன்று என்று தோன்றுகிறது.

பள்ளிகள் அவரைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை. கேன்டர்பரியில் படித்தபோது காய்கறிக்கடைக்காரர் ஒருவரின் மகளோடு கைகோத்தபடி இருந்ததைப் பிறர் கண்டுவிட, பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். படிப்பும் இல்லை, தொழிலும் இல்லை, கையில் பணமும் இல்லை என்ற நிலையில், 1933 டிசம்பரில், பதினெட்டாம் வயதில், லண்டனிலிருந்து கப்பலேறி ஹாலந்தில் இறங்கினார். அங்கிருந்து கான்ஸ்டாண்டிநோபிள் வரை நடப்பது என்பது திட்டம். வாரத்திற்கு 1 பவுண்டு என்பது செலவுக் கணக்கு. அத்தொகை மாதந்தோறும் வழியிலுள்ள ஏதேனுமோர் அஞ்சலகத்தில் வந்து காத்திருக்கும். பையில் ஆங்கிலக் கவிதைத் தொகுப்பு ஒன்றும் இலத்தீன் கவி ஹொராஸின் நூல் ஒன்றும் இருந்தன.

கடவுச்சீட்டில் தொழில் என்ற இடத்தில் ‘மாணவர்’ என்று பதிந்திருந்தது. எந்தக் கல்லூரியிலும் சேராத அவருக்கு அந்த ஒற்றைச்சொல் பல கதவுகளைத் திறந்தது. நடந்து திரியும் மாணவர்களுக்கு உதவுவது ஜெர்மனி, ஆஸ்திரியா நாடுகளில் நெடுநாளைய வழக்கம். ஊர்த்தலைவரிடம் சென்றால் ஒரு துண்டுச்சீட்டு கிடைக்கும். அதை விடுதியில் காட்டினால் ஊர்ச் செலவில் இரவுணவும் ஒரு குவளை பீரும் படுக்கையும் உண்டு. வழிநடைப் பயணிகளுக்காகச் சத்திரமும் சாவடியும் அமைத்த நாட்டவர்க்கு இதை விளக்கவேண்டியதில்லை. எதிர்பாராத நட்பு என்று பயணிகள் வியந்து சொல்வதன் அடியில், பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்ட விருந்தோம்பல் மரபு ஒன்று இருக்கவே செய்கிறது. விருந்தினருக்கு அது தற்செயலாகத் தோன்றும். விருந்தளிப்பவருக்கு அது கடமை.

அந்த நட்புகள் எல்லாமே தூயவை என்றும் சொல்வதற்கில்லை. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஓராண்டுகூட நிறைவுறாத குளிர்காலம் அது. ரைன் நதிக்கரைப் பகுதியில், தொழிலாளர்கள் கூடும் மதுக்கடையில் அறிமுகமான இளைஞன் ஒருவன் ஃபெர்மரைத் தன் மாடியறைக்கு அழைத்துச் சென்று படுக்க இடம் கொடுத்தான். அறைச் சுவரெங்கும் நாஜிக் கொடிகள், படங்கள். முந்தைய ஆண்டுவரை தான் கம்யூனிஸ்டாக இருந்ததாக அவன் எளிதாகச் சொன்னான். அன்பாகப் பேசினான், அன்பாக வழியனுப்பினான். அந்த இரவை நினைவுகூரும் பக்கங்கள் ஃபெர்மரின் நூலில் மிகவும் அமைதியிழக்கச் செய்பவை. அயலூரில் ஒருவர் காட்டும் கனிவு அவருடைய முழு மனத்தின் சான்றிதழ் ஆகாது என்பதை அவை ஓசையின்றிச் சொல்கின்றன.

ஸ்டுட்கார்ட்டில் அவருக்கு அறிமுகமானவர்கள் இரு இளம்பெண்கள். ஒருத்தியின் பெற்றோர் ஊரில் இல்லாத வேளை. ஓரிரவு தங்க வந்தவர் சில நாள்கள் தங்கினார். பாட்டும் விருந்தும் சிரிப்புமாகக் கழிந்த அந்நாள்களில் காதல் என்று பெயரிடத்தக்க எதுவும் முழுதாக நிகழவில்லை. நிகழாமலும் இல்லை. பயணக் காதல்கள் பலவற்றின் இயல்பு இதுவே. பெயரிடப்படுவதற்கு முன்பே புறப்படும் நேரம் வந்துவிடுகிறது.

மியூனிக்கில் இளைஞர் விடுதியில் அவருடைய முதுகுப்பை களவு போயிற்று. கடவுச்சீட்டு, பணம், அதுவரை எழுதிய நாட்குறிப்பு ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. பிரிட்டிஷ் தூதரகம் 5 பவுண்டு கொடுத்து உதவியது. பால்டிக் பகுதியிலிருந்து வந்து குடியேறியிருந்த பிரபுக் குடும்பமொன்று அவரை வீட்டில் தங்கவைத்து, புதிய பை கொடுத்து, இழந்த ஹொராஸுக்கு ஈடாகப் பதினேழாம் நூற்றாண்டுப் பதிப்பு ஒன்றையும் பரிசளித்தது. அதைவிட முக்கியமானது, வழியிலிருந்த நண்பர்களுக்கு அக்குடும்பத் தலைவர் எழுதிய அறிமுகக் கடிதங்கள். அவற்றின் பலனாக, வைக்கோற்போரில் உறங்கிய பயணி அடுத்த இரவே கோட்டையின் விருந்தினர் அறையில் உறங்கலானார். அனைத்தையும் இழந்த இடத்திலிருந்துதான் அவருடைய நட்புச்சங்கிலியின் வலுவான கண்ணி தொடங்கியது.

வியன்னாவில் எதிர்பார்த்த பணம் வந்து சேரவில்லை. ஏழைகளுக்கான இலவச விடுதியில் தங்கியபோது, அடுத்த கட்டிலில் இருந்தவர் வடகடல் தீவொன்றைச் சேர்ந்த கொன்ராட். ஷேக்ஸ்பியரை வாசித்தே ஆங்கிலம் கற்றவர். ஆகவே அவர் பேச்சில் பழைய நாடக மொழி அப்படியே ஒலித்தது. கையிலுள்ள வரைதிறனைக் கொண்டு வீடுவீடாகச் சென்று மக்களின் உருவத்தை வரைந்து பணம் ஈட்டலாம் என்று அவர்தான் வழிகாட்டினார். ஃபெர்மர் கூச்சத்தோடு கதவுகளைத் தட்ட, கொன்ராட் தெருவில் காத்திருப்பார். பணம் வந்ததும் அதில் ஒரு பகுதி கொன்ராடுக்குச் சென்றது. அதை முதலாகக் கொண்டு அவர் டான்யூபின் கரையில் சாக்கரின் கடத்தும் தொழிலுக்குப் புறப்பட்டார். சில நாள்களே நீடித்த நட்பு. ஆனால் கொன்ராடின் பழைய ஆங்கிலத்தை அவர் அரை நூற்றாண்டு கழித்தும் செவியில் கேட்டார்.

ஸ்லோவாகியாவில் பிலிப் ஷெய் என்னும் யூத வழிவந்த பிரபு, தன்னைவிட மிக இளைய அந்த நாடோடியைச் சமவயதினராக நடத்தினார். மார்செல் புரூஸ்த்தின் பெருநாவலில் ஆழ்ந்திருந்தவர் அவர். அவரோடு நடந்தும் பேசியும் கழிந்த நாள்கள் ஒரு பல்கலைக்கழகத்திற்கு ஈடாயின. மாணவர் என்ற பொய் அங்கே ஓரளவு மெய்யாயிற்று.

1934 கோடையில் டிரான்சில்வேனியா. அங்கே இஸ்த்வான் என்ற நண்பனும் ஏஞ்செலா என்ற பெண்ணும் வருகின்றனர். ஏஞ்செலா மணமானவர், ஃபெர்மரைவிடச் சில வயது மூத்தவர். மூவரும் ஒரு காரில் மலைநாட்டைச் சுற்றி வந்த சில நாள்கள் அந்நூலின் மிக ஒளிமிக்க பகுதி. இரு பெயர்களும் மாற்றப்பட்டவை. அகத்திணையில் எவருடைய இயற்பெயரும் சுட்டப்படலாகாது என்பது தொல்காப்பிய விதி. அதை அறிந்திருக்க வாய்ப்பில்லாத ஆங்கில எழுத்தாளர் ஒருவர் அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார். தம் துணிவையும் தம் பிழைகளையும் இயற்பெயரோடு எழுதலாம். பிறருடைய அன்பை அவ்வாறு எழுத அவர்களின் ஒப்புதல் வேண்டும். பயணத்தின் ஒவ்வொரு முகத்தையும் உடனுக்குடன் படமாகப் பகிரும் காலத்தில், அந்தத் தயக்கம் பழமையானதாகத் தோன்றலாம். ஆனால் ஆய்வுநெறி குறித்த வகுப்புகளில் சொல்லித்தரப்படும் பாடமும் அதுவே.

அந்த ஆண்டின் இறுதியில் கான்ஸ்டாண்டிநோபிளை அடைந்தார். பயணம் அங்கே முடிந்திருக்கவேண்டும். ஆனால் கிரேக்க நாட்டுக்குச் சென்றார். அதோஸ் மலையின் துறவிமடம் ஒன்றில் இருபதாம் பிறந்தநாள் கழிந்தது. 1935இல் ஏதென்ஸ் நகரில் பலாஷாவைச் சந்தித்தார். ருமேனியாவின் பழம்பெரும் குடிகளுள் ஒன்றில் பிறந்தவர் அவர். ஓவியர். கணவரைப் பிரிந்து வாழ்ந்தவர். ஃபெர்மரைவிடப் பதினாறு வயது மூத்தவர். பெலொப்பொனேசின் கரையோரம், எலுமிச்சைத் தோப்புகளின் நடுவே, போரோஸ் தீவை நோக்கியிருந்த பழைய நீராலை வீடொன்றில் இருவரும் தங்கினர். ஒருவர் வரைந்தார், ஒருவர் எழுதினார். பின்னர் மோல்தாவியாவில் பலெனி என்னும் ஊரிலிருந்த கந்தகூசேன் குடும்பத்தின் மாளிகைக்குச் சென்றனர். நடந்தே ஒரு கண்டத்தைக் கடந்தவரின் கால்கள் அங்கே ஓய்ந்தன. இடையிடையே வெளியூர் சென்றுவந்தாலும், போர் தொடங்கும்வரை பலெனிதான் வீடு. கிரேக்க எழுத்தாளர் ஒருவர் பிரெஞ்சில் எழுதிய நாவலை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்தது அக்காலத்தில்தான். தெருவில் கற்ற மொழிகளுக்கு இலக்கணமும் நூலகமும் வாய்த்தது அந்த வீட்டில்தான்.

1939 செப்டம்பரில் போர் மூண்டது. படையில் சேர்வதற்காக ஃபெர்மர் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். சில மாதங்களில் திரும்பிவிடுவோம் என்று நம்புபவர் எடுத்துச்செல்லும் அளவுக்கே பொருள்களை எடுத்துக்கொண்டார். பச்சை நாட்குறிப்பு பலெனியிலேயே இருந்தது.

அதன்பின் இரு வாழ்க்கைகளும் இரு திசையில் சென்றன. ஃபெர்மரின் வாழ்க்கை புகழ் நோக்கிச் சென்றது. ஜெர்மானியர் வசமிருந்த கிரீட் தீவில் மலைவாழ் இடையர்களோடு ஒருவராக மறைந்து வாழ்ந்து, 1944 ஏப்ரலில் ஜெர்மானியத் தளபதி கிரைப்பைக் கடத்திய குழுவுக்குத் தலைமை தாங்கினார். மலையுச்சியில் ஒரு விடியலில், பனி மூடிய சிகரத்தைக் கண்ட தளபதி ஹொராஸின் பாடலொன்றின் தொடக்கத்தை முணுமுணுக்க, சிறைப்பிடித்தவர் மீதிப் பாடலைச் சொல்லி முடித்தார் என்பது பலரும் அறிந்த நிகழ்ச்சி. 1972இல் கிரேக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் இருவரும் மீண்டும் சந்தித்தனர். எதிர்பாராத நட்புகளின் பட்டியலில் அதற்கும் ஓரிடம் உண்டு.

பலாஷாவின் வாழ்க்கை சுருங்கிக்கொண்டே சென்றது. போருக்குப் பின் ருமேனியாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி அமைந்தது. 1949 மார்ச் மாதத்தில் நிலவுடைமையாளர்கள் ஒரே இரவில் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். பலெனி வாசலிலும் லாரி வந்து நின்றது. பொருள்களை எடுத்துக்கொள்ள அளிக்கப்பட்ட நேரம் கால் மணி. தலைமுறைகளாகச் சேர்ந்த நூல்கள், ஓவியங்கள், நகைகள், துணிமணிகள் நிறைந்த வீட்டில் கால் மணி நேரத்தில் எதை எடுப்பது? பலாஷா எடுத்தவற்றுள் ஒன்று, பத்தாண்டுகளாக நேரில் காணாத ஒருவரின் பச்சை நாட்குறிப்பு.

அதை அவர் பதினாறு ஆண்டுகள் பாதுகாத்தார். குடும்பம் புச்சோவாசாவின் கூரையறைக்கு மாற்றப்பட்டது. சகோதரியர் ஆங்கிலமும் பிரெஞ்சும் ஓவியமும் கற்பித்துப் பிழைத்தனர். அயல்மொழியில் எழுதப்பட்ட, அயல்நாட்டவர் ஒருவரின் குறிப்பேட்டை வைத்திருப்பதே ஐயத்துக்கு இடமளிக்கும் சூழல். 1965இல் இதழொன்றுக்காக டான்யூப் நதியைப் பற்றி எழுத ஃபெர்மர் ருமேனியா சென்றபோதுதான் அது உரியவரைச் சென்றடைந்தது. அவர் தங்கியது இரண்டு நாள்களே. அப்போது அவருக்கு ஜோன் என்னும் வாழ்க்கைத்துணை இருந்தார். 1968இல் அவரையே மணந்தார். பழைய காதல் மீளவில்லை. ஆனால் நட்பு அறுபடவுமில்லை. அடைக்கலம், மொழி, நூலகம் என்று தொடங்கிய கொடைகளின் வரிசையில் நாட்குறிப்பு கடைசிக் கொடை ஆயிற்று.

பலாஷா 1976இல் இறந்தார். அந்த நடைப்பயணத்தின் முதல் தொகுதி வெளிவந்தது 1977இல். ஓராண்டு இடைவெளி.

ஆய்வாளர்களுக்கு இந்நூல்களோடு தீராத வழக்கு ஒன்றுண்டு. பதினெட்டு வயது அனுபவத்தை அறுபது வயதில் எழுதும்போது எது நினைவு, எது புனைவு? முதல் நாட்குறிப்பு மியூனிக்கிலேயே தொலைந்துவிட்டது. ஹங்கேரியச் சமவெளியைக் குதிரையில் கடந்ததாக எழுதியது அவ்வாறே நிகழவில்லை என்று ஃபெர்மரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். 2012இல் வெளிவந்த, ஆர்ட்டெமிஸ் கூப்பர் எழுதிய வாழ்க்கை வரலாறு இத்தகைய இடங்களை வெளிப்படையாகவே பேசுகிறது. பயணத்தின் கடைசிப் பகுதியை, பச்சை நாட்குறிப்பு கைக்கு வருமுன்பே அவர் நினைவிலிருந்து எழுதத் தொடங்கியிருந்தார். நாட்குறிப்பையும் அந்தப் பிரதியையும் இணைத்து முடிக்க அவரால் இயலவில்லை. 2011இல் அவர் இறந்தபின், 2013இல்தான் மூன்றாம் தொகுதி முற்றுப்பெறாத வடிவில் வெளிவந்தது.

இந்த வழக்கில் கேட்கவேண்டிய வேறொரு கேள்வியும் இருக்கிறது. எதிர்பாராத அன்பு எவருக்குக் கிடைக்கிறது? ஃபெர்மர் ஆண். வெள்ளையர். பேரரசொன்றின் கடவுச்சீட்டு உடையவர். வைக்கோற்போரில் உறங்கினாலும் கோட்டைகளின் பேச்சுவழக்கு அறிந்தவர். அதே ஆண்டில் அதே சாலையில் தனியே நடந்த பெண்ணையோ, ரோமா இளைஞனையோ, யூத ஏதிலியையோ அதே கதவுகள் அதே வேகத்தில் வரவேற்றிருக்குமா? இக்கேள்வி அவருடைய நட்புகளின் உண்மையைக் குறைப்பதில்லை. அவற்றின் நிபந்தனைகளைக் காட்டுகிறது. உதவித்தொகை பெற்று அயல்நாடு செல்லும் இந்திய மாணவர்கள், விசா வரிசையிலும் வாடகை வீடு தேடும்போதும் இந்த நிபந்தனைகளை நூல்களின் துணையின்றியே கற்றுக்கொள்கின்றனர். ஆகையால் அவர்களுக்குத் திறக்கும் ஒரு கதவின் மதிப்பும் அவர்களுக்குக் கூடுதலாகவே தெரியும்.

கதவைத் திறந்தவர்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்பது அடுத்த கேள்வி. ஃபெர்மர் கண்ட உலகம் முழுவதுமே அழிந்தது. அவரை வரவேற்ற மாளிகைகளின் குடிகள் போராலும் புரட்சியாலும் சிதறினர். டான்யூப் நடுவே துருக்கியர் வாழ்ந்த அதா கலே தீவில் அவருக்குக் காப்பி கொடுத்து உபசரித்தார்கள். இரும்புவாயில் அணையின் நீர் 1970களின் தொடக்கத்தில் அந்தத் தீவையே மூழ்கடித்தது. பயணிக்கு அடுத்த ஊர் உண்டு. அங்கிருப்பவருக்கு அந்த ஊரே உண்டு.

அகத்திணை மரபு பிரிவைப் பாலைக்கு உரியதாக்கியது. இருத்தலை முல்லைக்கு உரியதாக்கியது. சுரம் கடப்பவனின் துயரோடு நிறுத்திக்கொள்ளாமல், வீட்டில் காத்திருப்பவளின் காலத்தையும் தனித்திணையாக வகுத்தது அம்மரபின் நுட்பம். உலகப் பயண இலக்கியத்தில் பாலைக்குப் பஞ்சமில்லை. புறப்பட்டவர்கள் எழுதுகிறார்கள். இருந்தவர்கள் எழுதுவது அரிது. பலாஷா பயணநூல் எதுவும் எழுதவில்லை. கால் மணி நேரத்தில் ஒரு குறிப்பேட்டைக் கையில் எடுத்தார். மூன்றாம் தொகுதியின் இறுதியில், அதோஸ் மலை நாள்களைச் சொல்லும் பக்கங்கள் அந்தக் குறிப்பேட்டிலிருந்து அப்படியே அச்சானவை. அவற்றை எழுதியது ஓர் இளைஞனின் கை. அச்சேறும்வரை அழியாமல் காத்தது இன்னொருவரின் கை.